டிராகனுக்குச் செதில் எந்தப் பக்கம்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு, அறிவியல் புனைகதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் படம் வரையப் போகிறேன் என்கிறாள். அறை முழுக்க விண்கலமும் டிராகனும்தான். நான் துவாஸில் கப்பல் பட்டறையில் 26 ஆண்டுகளாக வெல்டிங் பார்ப்பவன். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதில் சோறு கிடைக்குமா? இப்போது ஏஐ வேறு வந்துவிட்டதே?
– ஒரு தகப்பன், ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள ஐயா,

சோறு கிடைக்கும். ஆனால் மாதா மாதம் ஒரே தேதியில் கிடைக்காது. இருபது வருடமாகப் புத்தக அட்டைகளும் கேம் படங்களும் வரைந்து வருகிறேன். எனக்கு இன்னும் அப்படித்தான்.

உங்கள் மகள் எப்படி வரைகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. எதைப் பார்த்து வரைகிறாள் என்றும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். என் முதல் டிராகன் அட்டையை ஆர்ட் டைரக்டர் திருப்பி அனுப்பினார். இறக்கை, நெருப்பு, கண் எல்லாம் நன்றாக இருந்ததாம். "இது ஏன் ரப்பர் பொம்மை மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் முழித்தேன். அப்புறம் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு முழுக் கொடுவா மீன் வாங்கி வந்து, சமையலறை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செதிலும் வால் பக்கம் பார்த்து, அடுத்ததன் மேல் ஓடு வேய்ந்த மாதிரி படிந்திருந்தது. செதில் என்னவோ கண்ணாடி மாதிரிதான். நிறமெல்லாம் அடியில் தோலில் இருந்தது. நான் செதில்களைத் தலைகீழாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பச்சை அடித்திருந்தேன்! மறுபடி வரைந்தேன், அட்டை ஓகே ஆனது. அன்று ராத்திரி கொடுவா குழம்பு. அடுப்பங்கரையெல்லாம் செதில் என்று அம்மா திட்டியது தனி.

இல்லாத ஒன்றை நம்ப வைப்பதுதான் இந்தத் தொழில். அதற்கு இருப்பதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். முன்னோடிகளைப் பாருங்கள். 1926ல் வந்த ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் முதல் இதழுக்கு அட்டை வரைந்த ஃபிராங்க் ஆர். பால், கட்டடக்கலை படித்தவர். 1944ல் ‘லைஃப்’ இதழில் சனிக்கோளை அதன் நிலவுகளிலிருந்து பார்ப்பது போல வரைந்து அமெரிக்காவையே வாய்பிளக்க வைத்த செஸ்லி போன்ஸ்டெல், நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டட வடிவமைப்பில் வேலை செய்தவர். டைட்டன் நிலவில் மூட்டம் அடர்த்தி, அங்கிருந்து சனி அப்படித் தெரியாது என்பது பின்னால் தெரிந்த கதை. ஆனாலும் இந்தத் துறை ஓவியர்களுக்கு 1985 முதல் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த டிப்ளோமாவை அவள் முடிக்கட்டும். ஒரு வருடம்தான் பாக்கி. கியர், பேரிங், பளு எங்கே இறங்குகிறது என்று தெரிந்தவள் வரையும் விண்கலம் தனியாகத் தெரியும். அந்த ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நல்ல படங்களாக ஒரு போர்ட்ஃபோலியோ சேர்க்கட்டும். நூறு வேண்டாம். லசால், நாஃபா மாதிரி கலைக் கல்லூரிக்குப் போக நினைத்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

வேலை எங்கே என்பீர்கள். சிங்கப்பூரில் கேம் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. அங்கே கான்செப்ட் ஆர்ட்டுக்கு, அதாவது கேமில் வரும் உருவங்களையும் இடங்களையும் முதலில் வரைந்து காட்டும் வேலைக்கு, ஆள் எடுக்கிறார்கள். ஆனால் எதையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. ஒன்-நார்த்தில் சாண்ட்கிராலர் என்று ஒரு கட்டடமே எழுப்பிய, ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை எடுத்த லூக்காஸ்ஃபிலிம் குழுமம், 2023ல் இங்கிருந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோவை மூடப்போவதாக அறிவித்தது. 300 பேருக்கு மேல் வேலை போனது. அட்டைப்படம், கார்டு கேம் படமெல்லாம் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ்தான், வேலை கொடுப்பவரும் வெளிநாட்டில் இருப்பார். ராத்திரி பதினொன்றுக்கு ரிவிஷன் கேட்டு மெயில் வரும். ஃப்ரீலான்ஸ் என்றால் மத்திய சேமநிதியில் (மசேநிதி) முதலாளி போடும் பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவுக்கு அவளே கட்ட வேண்டும்.

ஒப்பந்தக் காகிதம் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்துக்கு வாய்ப்பேச்சிலேயே அட்டை வரைந்து கொடுத்தேன். ஐந்து முறை திருத்தம், கைக்கு வந்தது 400 வெள்ளி. அடுத்த வருடம் அதே படம் அவர்களுடைய காலண்டரில் இருந்தது. என் பெயர் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. சம்பளத்துக்கு வரைந்தால் பதிப்புரிமை பொதுவாக முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸ் என்றால், எழுதிக் கொடுக்காதவரை வரைந்தவருக்கு. படத்தோடு வரைந்தவர் பெயரைப் போட வேண்டும் என்ற உரிமையும் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் வந்துவிட்டது. எத்தனை திருத்தம், எதில் எல்லாம் அச்சிடலாம், எப்போது பணம் – இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமல் பேனாவைத் தொடக்கூடாது.

ஏஐ பற்றி நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அதே 2021 சட்டம், முறையாகக் கைக்குக் கிடைத்த படங்களைக் ஏஐயைப் பழக்குவது போன்ற கணினிப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க இடம் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதினாலும் செல்லாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மலிவான அட்டை வேலைகள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதும் கண்முன்னே தெரிகிறது. ஆனால் "கதவு இடது பக்கம் திறக்கணும், மூன்றாம் அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு விரல் போயிடுச்சு, தலைப்புக்கு மேலே இடம் விடணும்" என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்டு, நான்காவது தடவையும் முகம் சுளிக்காமல் திருத்துகிற ஆளை இன்னமும் தேடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, ஓவியம் தெரியாது என்கிறீர்கள். 26 வருடமாகக் கப்பலின் வயிற்றுக்குள் நின்றவர் நீங்கள். இந்த ஞாயிறு அவள் வரைந்த விண்கலம் ஒன்றை மேசையில் வைத்து, எந்தத் தகடு எந்தத் தகட்டோடு சேர்கிறது, எந்த வெல்டு முதலில் விட்டுப்போகும் என்று சொல்லிப் பாருங்கள். அவள் பென்சிலை எடுக்கிறாளா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.