உங்கள் ஊரில் ஆரவாரமில்லாமல் பிறருக்காக வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல முடியுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கரும்பாலையைச் சுற்றி வளர்ந்த டோங்காட் என்னும் சிற்றூர் எங்களுடையது. நான் சொல்லப்போகிறவர் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவர். தமிழ்ப் பிள்ளைகளாகிய நாங்கள் அவரை ஆயா என்றோம். சூலு என்னும் ஆப்பிரிக்க இனத்துப் பிள்ளைகள் கோகோ என்றார்கள். இரண்டு சொல்லுக்கும் பாட்டி என்றே பொருள். குடும்பத்தார் விரும்பாததால் பெயரை எழுதவில்லை.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அமைந்திருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய 1,52,184 பேரில் ஆயாவின் தாத்தாவும் ஒருவர். ஆயா பிறந்தது கரும்புத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பில். சூலு மொழியைத் தமிழோடு சேர்த்தே அங்கே பேசப் பழகியிருந்தார். அக்காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றை எங்கள் மக்களே காசு திரட்டிக் கட்டினார்கள். அவர்கள் திரட்டும் ஒவ்வொரு பவுண்டு பணத்துக்கும் அரசு ஒரு பவுண்டு கொடுக்கும். அப்படி ஒரு பள்ளிக்கு ஆயாவின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சுமந்தாராம். ஆனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மூத்தவளான ஆயா நான்காம் வகுப்போடு நின்றுவிட்டார். "அப்பா கட்டின பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வருஷம்தான் இடம் கிடைத்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பிறகு திருமணம், துணி ஆலையில் வேலை, சீக்கிரமே கைம்மை.

அப்பாவிடம் கற்ற தமிழை அவர் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். என் தமிழில் ஏட்டு வாடை வீசுவதாகச் சொல்லும் நண்பர்களுக்கு இதுவே என் விளக்கம். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தில், பேணி மதிக்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் குறிப்பிடப்பட்டிருப்பதை நான் ஒருமுறை பெருமையாகச் சொன்னபோது, "சட்டத்தில் இருக்கிறது சரி, உன் தம்பி நாக்கில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு வாயடைத்துவிட்டார்.

அவரிடம் இரண்டு பெரிய அண்டாக்கள் இருந்தன. எங்கள் வழக்கப்படி சாவு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த அண்டாக்களில் பருப்பும் சோறும் வெந்து அங்கே போய்ச் சேரும். ஆனால் இதை ஊரில் பலரும் செய்வார்கள். ஆயாவுக்கே உரிய வித்தை வேறு. ஒரு வீட்டில் வேலை போய்விட்டது, புகை எழவில்லை என்று அவர் மனத்துக்குப் பட்டால், அந்த வீட்டுக்கே போய், "அம்மா, என் சட்டி ஓட்டையாகிவிட்டது, உங்களுடையதைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று இரவல் கேட்பார். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதல்லவா? மறுநாள் அது கறியோ குழம்போ நிறைந்து, மேலே ஒரு தட்டு மூடி, வீடு திரும்பும். கொடுப்பவர் அவராக இருந்தும், கடன்பட்டவரைப் போல நிற்பதும் அவர்தான்.

2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் எங்கள் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊர்க் குடிநீர் நிலையமும் சிதைந்து, குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. தண்ணீர் லாரி மேட்டுத் தெருக்களுக்கு ஏறாது. அப்போது 78 வயதாகியிருந்த ஆயா, நடக்க முடியாதவர்களின் வாளிகளில் சாக்கட்டியால் எண் எழுதி வரிசையில் முதலில் வைத்துவிடுவார். எதிர்ப்பவரை அவரவர் மொழியிலேயே திட்டுவார். தெருப் பையன்களைக் கைவண்டியோடு மேட்டுக்கு விரட்டுவார். எந்த வாளி எந்த வீட்டுக்கு என்பது மஞ்சள் அட்டைக் குறிப்பேடு ஒன்றில் இருந்தது. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு எப்போது மாத்திரை என்பதும் அதில்தான் இருந்தது.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்படிக்கு மட்டும் பெண்கள், கணக்குக்கு ஆண்கள் என்ற கோயில் குழுவோடு அவர் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தார். அதில் நியாயம் அவர் பக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். மகன் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். "எங்கள் வீட்டுச் சோறு எப்போதும் இன்னொருவர் வீட்டில்தான் இருந்தது" என்று அந்த மகன் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

2023இல் ஆயா இறந்தார். அந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அண்டாக்கள் இரண்டையும் எங்கள் வாசலில் ஏற்றினோம். காரியங்கள் முடிந்து சமையலறையை ஒழித்தபோது அவருடையவை அல்லாத மூன்று பாத்திரங்கள் அலமாரியில் இருந்தன. குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டியும் இரவல் வாங்கிய வீடுகளில் ஒன்றின் பெயர்கூட அதில் இல்லை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கோயிலில் அறிவிக்கலாமே என்றார் மகன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விளிம்பு நசுங்கிய அலுமினியச் சட்டியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அது என் அம்மாவுடையது.