கேளுங்க, சொல்றேன்: கம்பியில நகை, கம்பியில சிற்பம்

காரைக்குடியில ஒரு பழைய வீட்டு முகப்பையும் அதையொட்டின ஹாலையும் கேலரியா மாத்தியிருக்காங்க, அங்க இந்த மாசம் என்னோட வேலைங்க வச்சிருக்கு. ஒரு பக்கம் செம்பு, பித்தளை, வெள்ளிக் கம்பியில செஞ்ச ஆரம், கம்மல், வளையல், இன்னொரு பக்கம் உத்தரத்துல இருந்து தொங்குற கம்பிச் சிற்பங்க. நேர்ல வந்து பாத்தவங்களும் போன இதழ்ல படம் பாத்தவங்களும் நிறைய கேட்டு எழுதியிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேத்து ஒண்ணாக்கி பதில் எழுதியிருக்கேன்.

இது பவுனும் இல்ல வெள்ளியும் இல்ல, வெறும் செம்புக் கம்பி. ஒரு ஆரத்துக்கு 4500 ரூபான்னு சீட்டு தொங்குதே, எப்படிம்மா கட்டும்? (தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி)

ஆச்சி, நீங்க வாய் விட்டுக் கேட்டுட்டீங்க, கேக்காமப் போனவங்க எத்தனையோ பேரு இருப்பாங்க. நம்ம பக்கம் நகைன்னா முதல் கேள்வியே எத்தன பவுன்னுதான், அதுல தப்பும் இல்ல, பவுன் ஒரு சேமிப்பு, ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்க உதவும். ஆனா அந்தக் கணக்க செம்புல போட்டா நான் உங்களுக்கு கடனாளி ஆயிருவேன். 1 மில்லிமீட்டர் கனத்துல செம்புக் கம்பி ஒரு கிலோ வாங்கினா கிட்டத்தட்ட 140 மீட்டர் வரும், அப்போ மீட்டருக்கு 7 கிராம். நீங்க பாத்த ஆரத்துல இருக்கறது ஆறு மீட்டருக்குள்ள, 42 கிராம்கூட வராது. அந்தச் செம்போட விலை நீங்க வந்த ஆட்டோ கூலிக்கு சமமா இருக்கலாம்.

மிச்சம் எல்லாம் வேலை ஆச்சி. கம்பிய உருளையில சுத்தி, அறுத்து வளையமாக்கி, ஒவ்வொரு வளையத்தோட வாயையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி மூடி, வெங்காரம் தடவி, பத்த வைக்கற உலோகப் பொடி வச்சு நெருப்பு ஊதி, புளித்தண்ணியில போட்டு கரி எடுத்து, நுனி எதுவும் கழுத்துல கீறாம அரம் போட்டு, கடைசியா மெருகு. நடுவுல ஒரு வளையம் உருகிப்போச்சுன்னா அந்த இடத்த அறுத்துட்டு திரும்ப ஆரம்பிக்கணும்.

இதோட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல கழுத்திரு, அதான் நகரத்தார் கல்யாணத்துல போடுற தாலி ஆரம், இருந்தா ஒரு நாள் வெளிச்சத்துல வச்சு நிதானமா பாருங்க. அதுல ஒவ்வொரு உருப்படியையும் ஒரு ஆசாரி கையால தட்டி, ஊதி, இழைச்சு சேத்திருக்காரு. அத உருக்கி புது டிசைன் பண்ணினா எடைக்கு எடை பவுன் வந்துரும், அந்தக் கை வராது. எங்க அப்பா நகைப் பட்டறை வச்சிருந்தவரு, பழைய நகை உருக்க வந்தா ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லிப் பாப்பாரு, அவருக்கு கூலி போனாலும் சரின்னு. நானும் அதத்தான் கெஞ்சிக் கேக்குறேன், பாட்டி நகைய உருக்காதீங்க. பிரிச்சு கட்டிக்கலாம், நூல் மாத்திக்கலாம், அறுந்தத ஒட்டிக்கலாம், உருக்க மட்டும் வேணாம்.

அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன், கம்பி வேலை கத்துக்க ஆசை. எந்தக் கம்பி வாங்கறது? வீடியோவுல 20 கேஜ்னு சொன்னாங்க, கடையில 20 கேஜ் கேட்டு வாங்கினா தடியா இருக்கு. (காரைக்குடி)

தம்பி, கடைக்காரர் ஏமாத்தல. கம்பியோட கனத்தச் சொல்ற கேஜ் கணக்கு ரெண்டு இருக்கு. நம்ம ஹார்டுவேர் கடையில சொல்றது இங்கிலாந்து கணக்கு, அதுல 20 கேஜ்னா 0.91 மில்லி. வீடியோவுல பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு, அதுல அதே 20 கேஜ் 0.81 மில்லிதான். ரெண்டுலயும் நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாகும். இந்தக் குழப்பமே வேணாம், மில்லியில கேளுங்க: கம்மல் கொக்கிக்கு 0.8, ஆரத்துக்கும் சிற்பத்தோட எலும்புக்கும் 1 மில்லியோ அதுக்கு மேலயோ, சுத்திக் கட்ட 0.4.

முதல்ல செம்புக்குக்கூட போகாதீங்க. கட்டடத்துல கம்பி கட்டுறதுக்கு வச்சிருப்பாங்களே கட்டுக்கம்பி, அதுல பழகுங்க, கருப்பா மெதுவா இருக்கும், விலை கம்மி, மனசு நோகாம வீணாக்கலாம். துருப்பிடிக்கும், அதனால போட்டுக்கற நகைக்கு ஆகாது. மோட்டார் வைண்டிங் கடையில மிச்சம் விழுற செம்புக் கம்பியும் பழக நல்லது, ஆனா அதுக்கு மேல இனாமல் பூச்சு இருக்கு, அத நெருப்புல காட்டாதீங்க, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. குறடு மூணு போதும், உருண்டை மூக்கு ஒண்ணு, தட்டை மூக்கு ஒண்ணு, வெட்டுறது ஒண்ணு, மூக்கு ரெண்டும் உள்ள பல் இல்லாம வழவழன்னு இருக்கணும், இல்லேன்னா கம்பி பூரா கடிச்ச தழும்பு விழும். வெட்டும்போது நுனிய உள்ளங்கையால மூடிக்கிட்டு வெட்டுங்க, துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கறது கட்டாயம்.

நாலு தடவை வளைச்சா கம்பி பட்டுனு உடைஞ்சு போகுது. கம்பி மட்டமா, என் கை மட்டமா? (சிங்கம்புணரி)

ரெண்டும் இல்லைங்க, உலோகத்தோட குணமே அதுதான். வளைக்க வளைக்க, தட்டத் தட்ட உள்ள இருக்கற பொடிப்பொடி படிகங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டு நகர முடியாம இறுகிப்போகும். இறுகினதுக்கு அப்புறம் வம்பு பண்ணினா விரிசல் விட்டு உடையும். மருந்து நெருப்புதான். வெயில்ல செய்யாதீங்க, நிழல் கட்டின இடத்துல கம்பிய மெதுவா சூடாக்கினா கொஞ்ச நேரத்துல மங்கலா ஒரு செவப்பு தெரியும், அதுதான் பதம், அத வெளிச்சத்துல கண்டுபிடிக்க முடியாதுன்றதாலதான் பட்டறைங்கள்ல ஆசாரிங்க நிழலோட்டமா உக்காந்து ஊதுவாங்க. செவப்பு தெரிஞ்சதும் தண்ணியில போடுங்க. எஃகுதான் அப்படிப் போட்டா இறுகும், செம்பு வெண்ணெய் மாதிரி ஆயிரும். ரொம்ப நேரம் காட்டிறாதீங்க, செம்பு 1085 டிகிரியில உருகும், வெள்ளி அதுக்கும் முன்னாடியே 962-ல உருகிரும், மெலிசு கம்பின்னா கண் மூடித் திறக்கறதுக்குள்ள குண்டுமணியா சுருண்டுக்கும்.

மேல படியுற கருப்புக்கு புளித்தண்ணியோ எலுமிச்சை உப்பு கலந்த வெந்நீரோ போதும். அந்தத் தண்ணியில இரும்புச் சாமணத்த விட்டு எடுக்காதீங்க, கரைஞ்சிருக்கற செம்பு உள்ள இருக்கற வெள்ளி மேல எல்லாம் செவப்பா ஏறிக்கும், மரக்குச்சியால எடுங்க.

சின்ன வயசுல எங்க வீட்டுல கம்பி அச்சு பாத்திருக்கேன், ஒரு இரும்புப் பட்டையில பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா ஓட்டை, தேன்மெழுகு தடவி ஒவ்வொரு ஓட்டையா இழுப்பாங்க, நடு நடுவுல சூடு காட்டி திரும்ப இழுப்பாங்க. ஒரு கிராம் தங்கத்த 2 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கலாம்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, தங்கத்துக்கு அப்படி இழுபடுற குணம் இருக்கு. இந்தப் பதத்த வீடியோவுல பாத்து புடிக்க முடியாது, உங்க ஊர்ல இன்னும் கையால வேலை செய்யுற பத்தர் யாராவது இருந்தா போய் பக்கத்துல உக்காருங்க, மெஷின் நகை வந்தப்புறம் அவங்க கொறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, அந்தக் கை இருக்கும்போதே பாத்துக்கணும்.

செம்பு வளையல் போட்டா மணிக்கட்டு பச்சையாகுது. பேன்சி கம்மல் போட்டா காது அரிக்குது. ரெண்டும் ஒண்ணா? (கல்லல்)

வேற வேற. பச்சை, செம்பும் வேர்வையும் சேந்து வர்ற களிம்பு, சோப்பு போட்டா போயிரும், பயம் இல்ல. அரிப்பு பெரும்பாலும் நிக்கலால வர்றது, மலிவு நகையில முலாமுக்கு அடியில நிக்கல் இருக்கும், முலாம் தேய்ஞ்சதும் தோல்ல படும். ஒரு தடவை அந்த ஒவ்வாமை வந்துட்டா பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அதனால நான் காது ஓட்டைக்குள்ள போற கொக்கிய மட்டும் செம்புலயோ பித்தளையிலயோ செய்யறதே இல்ல, 92.5 வெள்ளிதான், நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெதுவு, கொக்கி நிக்காது. கண்ணீர் வர்ற அளவுக்கு காது புண்ணாயிருந்தா கம்மல கழட்டிட்டு டாக்டர பாருங்க.

வெள்ளி கருக்காம எப்படி வைக்கறது? (புதுவயல்)

காத்து புகாத கவர்ல, கூட ஒரு சாக்பீஸ் போட்டு. ரப்பர் பேண்ட் மட்டும் சுத்திறாதீங்க, அதுல கந்தகம் இருக்கு, அதுதான் கருக்க வைக்கும். வேணும்னே கருக்க வைக்கணுமா, அவிச்ச முட்டைய மசிச்சு ஒரு டப்பாவுல நகையோட மூடி வச்சிருங்க, முட்டையில இருந்து வர்ற கந்தக வாயு சில மணி நேரத்துலயே பழைய நகை மாதிரி நிறம் குடுத்துரும், நான் காட்டியிருக்கற கருப்பு வெள்ளிக் கம்மல் சிலது அப்படி வந்ததுதான். முலாம், துரு, உலோக அரிப்பு இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ற செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி 1953-ல திறந்தது. உலோகத்துல ஆர்வம் இருக்கற பசங்க கெமிஸ்ட்ரிய விட்டுறாதீங்க.

சிற்பம்னா கல்லு, பஞ்சலோகம்னு பாத்து வளந்தவன் நான். காத்துல ஆடுற கம்பிய எப்படி சிற்பம்னு ஒத்துக்கறது? (திருப்பத்தூர்)

மனசுல பட்டத நேரா எழுதியிருக்கீங்க சார், சந்தோஷம். பிள்ளையார்பட்டி குடைவரைய பாத்து வளந்த கண்ணுக்கு என் வேலை வெறும் கூடா தெரியறது நியாயம்தான். கல்லு இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும். கம்பி இடத்த அடைக்காது, எல்லைய மட்டும் காட்டும், மிச்சத்த உங்க கண்ணு போட்டுக்கும். ஒரு யானைய முன்னாடி நின்னு பாத்தா யானை, ரெண்டடி நகந்தா வெறும் கோடு, இன்னும் ரெண்டடி போனா திரும்ப யானை. நீங்க நடந்தாத்தான் அது முழுசாகும்.

இது இன்னைக்கு வந்த பழக்கமும் இல்ல. அமெரிக்காவுல அலெக்சாண்டர் கால்டர்னு ஒருத்தர், 1926-ல பாரிசுக்குப் போயி கம்பியில ஒரு சர்க்கஸே செஞ்சாரு, அப்புறம் தொங்கி ஆடுற சிற்பங்க. அவரே ஆயிரத்துக்கு மேல நகையும் செஞ்சிருக்காரு, பித்தளைய சுத்தியால தட்டி, ஒட்டு வைக்காம. 1955-ல அகமதாபாத்துக்கு சாராபாய் குடும்பம் கூப்பிட்டு வந்து தங்கி வேலையும் செஞ்சாரு. நகையும் சிற்பமும் ஒரே கையில இருக்கலாம்னு எனக்கு தைரியம் குடுத்தது அவருதான். அவரைவிட எனக்கு நெருக்கம் ரூத் அசாவான்ற அமெரிக்கச் சிற்பி. அந்தம்மா 1947-ல மெக்சிகோவுல தொலூக்கான்ற ஊர்ல கூடை முடையற கம்பி வேலைய உள்ளூர்க்காரங்ககிட்ட கத்துக்கிட்டு வந்து, அதே பின்னல்ல ஆள் உயரத்துக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கற மாதிரி தொங்குற உருவங்க செஞ்சாங்க. அதப் படிச்சப்போ எனக்கு நம்ம ஓலைக் கொட்டான்தான் கண்ணுல வந்துச்சு. நம்ம ஆச்சிமாரு பனை ஓலைய முடையும்போது எங்க விரல் போகுதுன்னு உக்காந்து பாத்துட்டுத்தான் கேலரி வாசல்ல தொங்குற அந்தப் பெரிய செம்புக் கொட்டான செஞ்சேன். பக்கத்து செவுத்துல இருக்கறது நடுவீட்டுக் கோலம், ஒரே கம்பி, எங்கயும் வெட்டல.

நம்ம தமிழ்நாட்டுலயும் இருந்திருக்காங்க. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம்னு கலைஞர்களுக்கான ஒரு கிராமம் ஆரம்பிச்சாரு, அங்க இருந்தவங்க பாத்திக், கைவினைன்னு செஞ்சு வித்து அந்த வருமானத்துல ஓவியமும் சிற்பமும் பண்ணினாங்க. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்ட அடிச்சு உருவமாக்கினவரு, எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் சேத்து நம்ம புராணத்தையே புதுசா நிக்க வச்சவரு. சென்னை போனா சோழமண்டலத்துக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க சார், அப்புறம் திரும்ப எனக்கு எழுதுங்க.

கேலரியில வைக்க என்ன செய்யணும்? காசு கேப்பாங்களா? (மானாமதுரை)

வித்தா பங்கு எடுப்பாங்க, பொதுவா 30-ல இருந்து 50 சதவீதம். அதக் கேட்டுட்டு விலை போடுங்க, எழுத்துல வாங்கிக்கோங்க, சேதம் ஆனா யாரு பொறுப்புன்றதையும் சேத்து. இருபது சாமான் கலந்துகட்டி காட்டறதவிட ஒரே எண்ணத்துல செஞ்ச எட்டு வேலை காட்டுனா போதும். கம்பி வேலைக்கு பின்னாடி வெள்ளைச் செவுரும் ஒரே பக்கத்துல இருந்து லைட்டும் கேளுங்க, நாலு பக்கமும் டியூப் லைட் போட்டா நிழல் செத்துரும், பாதி வேலை நிழல்லதான் இருக்கு. நகைய கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டாதீங்க, கழுத்துல வச்சுப் பாக்காம யாரும் வாங்க மாட்டாங்க, முகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு மாட்டி வைங்க.

பிள்ளைகள கூட்டிட்டு வரலாமா? தொட விடுவீங்களா? (கானாடுகாத்தான்)

தாராளமா வாங்க. உசரத்துல தொங்குறத மட்டும் தொட வேணாம், விரல் பட்ட இடம் கருத்துரும், கொக்கியும் நழுவும். பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு மேசை, அதுல கட்டுக்கம்பியும் சின்னக் குறடும் கண்ணுக்குக் கண்ணாடியும் வச்சிருக்கேன், நுனிய எல்லாம் மடக்கிக் குடுத்துருவேன். அவங்க செஞ்சத அவங்களே கொண்டு போகலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா பக்கத்துல நீங்க ஒருத்தர் உக்காந்துக்கோங்க. திங்கக்கிழமை மட்டும் லீவு.