படைக்கும் தார், கிளிக்கும் தார்

‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளில் (767) தார் என்பது படை. ‘செந்தார்ப் பைங்கிளி’ என்ற அகநானூற்று அடியில் (34) அதே சொல் கிளியின் கழுத்துக்கோடு. எங்கே எந்தப் பொருள் என்று எப்படிப் பிரிப்பது என ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மாலையிலிருந்து தொடங்குங்கள். தார் என்பது ஆண்கள் மார்பில் அணிவது, தலையில் சூடுவது கண்ணி. புறநானூற்றின் முதல் பாட்டே ‘கண்ணி கார்நறுங் கொன்றை’ என்று தலைக்கும், ‘மார்பின் தாரும் கொன்றை’ என்று மார்புக்கும் தனித்தனியாகச் சொல்கிறது. குதிரையின் கழுத்தில் கட்டும் சதங்கை மாலையும் தார்தான்.

கிளிக்கு அதை யாரும் கட்டிவிடவில்லை, தானாகவே அமைந்திருக்கிறது. நன்கு வளர்ந்த ஆண் பச்சைக்கிளியை அருகில் பாருங்கள்: தாடையின் கீழே கறுப்பாகத் தொடங்கும் கோடு கழுத்தைச் சுற்றிப் போய்ப் பிடரியில் செந்நிறமாகிறது. அதுதான் செந்தார். பெண் கிளிக்கும் குஞ்சுக்கும் இந்தக் கோடு தெளிவாக இராது.

குழப்பமெல்லாம் குறளில்தான். பரிமேலழகர் இங்கே தாருக்குத் ‘தூசி’ என்று பொருள் கொள்கிறார். புழுதி என்று எண்ணிவிடாதீர்கள். தூசி என்றால் படையின் முன்னணி. பகைவரின் முன்னணியைத் தன்மேல் வரவிடாமல் தடுத்து, தான் அதன்மேல் செல்வதே படை என்பது அவர் உரை. சில புதிய உரைகள் ‘வெற்றிமாலை தாங்கி’ என்று எழுதுகின்றன. ‘தாங்கி’ என்பதைச் ‘சுமந்து’ என்று படிப்பதால் வருவது இது. அடுத்த அடியிலேயே ‘போர்தாங்கும் தன்மை’ என்று வருகிறதே! போரை யாரும் சுமப்பதில்லை, எதிர்த்து நிறுத்துகிறார்கள். ஒரே குறளுக்குள் அந்த வினைக்கு ஒரே பொருள் கொள்வதுதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. (‘தானை’க்கும் இரட்டைப் பொருள் உண்டு: படை, ஆடை. முந்தானை என்பது முன்தானைதான்.)

ஆகவே பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். மார்பு, கொன்றை, வேம்பு என்று வந்தால் மாலை. கிளி வந்தால் கழுத்துக்கோடு. தானையும் போரும் சேர்ந்து வந்து, தாங்குதல் தடுத்தலாக இருந்தால் முன்னணிப் படை.

வாழைத்தாரையும் மாடு ஓட்டும் தார்க்குச்சியையும் இதில் சேர்க்க வேண்டாம். அவற்றின் பழைய வடிவம் ‘தாறு’, வல்லின றகரம். புணர்ச்சியில் இது உடனே தெரிந்துவிடும்: தாறு + கோல் = தாற்றுக்கோல் என்று ஒற்று இரட்டிக்கும், ‘தார்’ அப்படி மாறாது. சாலையில் ஊற்றும் தாரோ ஆங்கிலத்திலிருந்து வந்தது, அதற்கும் இவற்றுக்கும் உறவே இல்லை.