மழைக்குட்டை உயிர்கள்: ஆண் எங்கே, முள் எதற்கு, கால் எத்தனை?

காய்ந்து கிடந்த குட்டையில் மழை பெய்து சில நாளிலேயே இறால் போன்ற உயிர்கள் மல்லாந்து நீந்துகின்றன. எங்கிருந்து வந்தன?

உறக்க முட்டைகளாக மண்ணிலேயேதான் இருந்தன. அவை ஃபேரி ஷ்ரிம்ப். மல்லாந்து நீந்துவது அவற்றின் இயல்பு. உறக்க முட்டை என்கிறோமே தவிர, ஓட்டுக்குள் இருப்பது வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திவைத்த கரு. வறட்சியைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரே மழைக்கு எல்லாம் பொரிந்துவிடாது. ஒரு பங்கு அடுத்தடுத்த மழைகளுக்கு மிஞ்சும். முட்டையிடும் முன்பே குட்டை வற்றினாலும் வம்சம் அறுந்துபோகாமல் இருப்பது இதனால்தான். வீட்டில் காய்ந்த மண்ணை ஊறவைத்து ஒன்றும் வரவில்லையென்றால் கொட்டிவிடாதீர்கள். நன்றாக உலர்த்தி, மறுபடி மழைநீர் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள்.

என் தொட்டியில் டாப்னியா (நீர்த்தெள்ளு) அத்தனையும் முதுகில் முட்டை சுமக்கின்றன. ஆணே இல்லையா?

இப்போதைக்குத் தேவைப்படவில்லை. உணவும் இடமும் தாராளமாக இருக்கும்வரை பெண் டாப்னியா தனியாகவே மகள்களைப் பெறும். நெரிசல் கூடி, உணவு குறைந்து, பகல் சுருங்கும்போது தாயின் உடலில் மெத்தில் ஃபார்னசோயேட் என்ற ஹார்மோன் வேலை செய்யும். அதே தாயின் முட்டைகள் மகன்களாக வளரும். மகனுக்கும் மகளுக்கும் மரபணுவில் வேறுபாடு கிடையாது. அப்புறம் சில பெண்களின் முதுகு ஓடு கருத்து, தடித்து, குதிரைச் சேணம் மாதிரி ஆகும். அதற்குள் வழக்கமாக இரண்டு உறக்க முட்டைகள் இருக்கும். பெரும்பாலான டாப்னியா இனங்களில் இந்த முட்டைகள் உருவாகத்தான் ஆண் வேண்டும். கருப்புத் திட்டைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

டாப்னியா சிவந்துவிட்டதே?

அதுவும் நோயில்லை. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் ஹீமோகுளோபின் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு குட்டையில் தலையில் முள் உள்ள டாப்னியா, பக்கத்துக் குட்டையில் முள் இல்லாதது. இரண்டும் வேறு இனமா?

முள்ளை வைத்து இனம் பிரிக்காதீர்கள். முதலில் அந்தக் குட்டையில் வேட்டையாடி எது என்று பாருங்கள். டாப்னியா அட்கின்சோனி என்ற தற்காலிகக் குட்டை இனம் இதற்கு நல்ல சான்று. முதுகில் கேடயம் போன்ற ஓடு கொண்ட ட்ரையாப்ஸ் என்ற வேட்டையாடி வாழும் தண்ணீரில் வளர்ந்தால் அதன் தலையில் முட்கிரீடம் போன்ற அமைப்பு முளைக்கிறது. ட்ரையாப்ஸ் வெளியிடும் வேதிப்பொருள்தான் தூண்டுதல். முட்கிரீடம் உள்ளவை ட்ரையாப்ஸின் வாய்க்குக் குறைவாகவே சிக்குகின்றன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன் இந்த வடிவத்தைத் தனி இனமாகக் கருதியவர்களும் உண்டு. டாப்னியா பூலெக்ஸிலும் இப்படித்தான். டாப்னியாவைத் தின்னும் கேயோபோரஸ் என்ற கண்ணாடிப் புழுவின் வாடை தண்ணீரில் இருந்தால் குஞ்சுகளின் பின்கழுத்தில் சிறு பற்கள் முளைக்கும். சரி, எப்போதும் முள்ளோடே பிறந்தால் என்ன? அதற்கும் செலவு இருக்கிறது. எதிரி இல்லாத குட்டையில் அந்தச் செலவு வீண். ஒரே தாயின் மகள்களை இரண்டு பாத்திரங்களில் பிரித்து, ஒன்றில் மட்டும் ட்ரையாப்ஸ் இருந்த தண்ணீரை ஊற்றி வளர்த்துப் பார்க்கலாம். செய்து பார்க்கத் தகுந்த சோதனை.

இரண்டு ட்ரையாப்ஸில் கால்களை எண்ணினேன். கணக்கு ஒத்துவரவில்லை.

ஒத்துவராது. முன்பக்க 11 வளையங்களில் வளையத்துக்கு ஓர் இணைக் கால்; அதற்குப் பின்னால் ஒரே வளையத்தில் பல இணைகள் நெருங்கி நிற்கும். ஒரே இனத்துக்குள்ளேயே வளையங்களின் எண்ணிக்கையும் மாறும், கால்களின் எண்ணிக்கையும் மாறும். இந்த வேறுபாடுகளை நம்பிச் சூட்டப்பட்ட பல இனப் பெயர்களை விலங்கியலாளர் லாங்ஹர்ஸ்ட் 1955இல் ஒதுக்கினார். பிறகு டிஎன்ஏ ஆய்வுகள் வந்து, வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத புதிய கிளைகளைக் காட்டின. ஆக, எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் ட்ரையாப்ஸ் என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு ட்ரையாப்ஸ்தான் பிழைத்தது. முட்டையிடுமா?

இனத்தையும் ஊரையும் பொறுத்தது. ட்ரையாப்ஸ் கேன்க்ரிஃபார்மிஸ் இனம் ஸ்பெயினில் ஆண், பெண் எனத் தனித்தனியாக இருக்கிறது. வட ஐரோப்பாவில் பெரும்பாலும் இருபாலியாக, அதாவது ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக, தன் முட்டையைத் தானே கருவுறச் செய்கிறது. 11ஆம் கால் இணையில் முட்டைப் பை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் முட்டைகள் கிடக்கும் அடிமணலைப் பத்திரப்படுத்துங்கள்.

இதைவிட விசித்திரம் இரட்டை ஓட்டுக்குள் வாழும் யூலிம்னாடியா டெக்ஸானா என்ற குட்டை உயிர். அதில் ஆணும் இருபாலியும் உண்டு, தனிப் பெண் இல்லை. பற்றிக்கொள்ளும் கொக்கி ஆணுக்கு மட்டுமே இருப்பதால் இரண்டு இருபாலிகள் தங்களுக்குள் இணைய முடியாது. ஒரு வகை இருபாலி தானே கருவுற்றால் குஞ்சுகளில் கால்பங்கு ஆணாகும்; இன்னொரு வகை இருபாலிகளை மட்டுமே பெறும்.

ஃபேரி ஷ்ரிம்ப் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஆணின் பற்றுக்கொம்பு, மறுபக்கம் பெண்ணின் சிறு கொம்பு. ஊனமா?

இது ஆண்-பெண் கலவை உடல். அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே இருபுறமும் படம் எடுங்கள். முட்டைப் பையும் ஆண்குறியும் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, 95 சதவீத எத்தனாலில் போட்டு, அருகிலுள்ள விலங்கியல் துறையில் கொடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும்.