ஆன்லைன் டியூஷனுக்கு எத்தனை பேரைச் சேக்கலாம்?

கேள்வி: வணக்கம் மேடம். பத்தாவது படிக்கிற பசங்களுக்கு வீட்ல இருந்தே ஆன்லைன்ல மேத்ஸ் எடுக்கறேன். இப்ப 14 பேர் இருக்காங்க, இந்த வருஷம் இன்னும் நிறைய பேர் கேக்கறாங்க. "ஜூம்லதான் 100 பேர் வரலாமே, 40 பேரா சேத்துக்கோ, சொல்லப்போறது ஒரே பாடந்தானே"ங்கறார் வீட்டுக்காரர். சேத்துக்கலாமா?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: 40 வேண்டாம்ங்க. மேத்ஸுக்கு ஒரு பேட்ச்ல 15, 16 பேரோட நிறுத்திக்கோங்க.

ஜூம்ல 100 பேர் உள்ள வரலாம்தான் (ஃப்ரீ அக்கவுண்ட்னா 40 நிமிஷத்துல கட் ஆயிடும்), ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்துக்கு 25 முகம் தெரியும், செட்டிங்ல மாத்தினா 49, அந்த ஸ்டாம்ப் சைஸ் முகத்துல யாருக்குப் புரிஞ்சுது, யாரு மடியில இன்னொரு போனை வச்சிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

பாடம் சொல்றதுக்கு 14 பேரும் ஒண்ணுதான் 40 பேரும் ஒண்ணுதான், அதுல உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி. நேரம் முழுக்கப் போறது ஹோம்வொர்க் திருத்தறதுல. ஒரு நோட்டுக்கு 5 நிமிஷம்னு வைங்க, 40 பேருக்கு 200 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா ஆறே முக்கால் மணி நேரம் கிட்ட. அதுவும் வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ பாதி தலைகீழா இருக்கும், மீதியில கை நிழல் விழுந்திருக்கும். 15 பேர்னா ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.

2020 லாக்டவுன்ல நானும் 30 பேரை ஒரே பேட்ச்ல சேத்து எடுத்தேன். ஒரு பொண்ணு, எதைக் கேட்டாலும் சாட்ல உடனே "புரிஞ்சுது மிஸ்"னு போட்டுடுவா. மூணாவது வாரந்தான் அவ நோட்டை நிதானமா பாக்க முடிஞ்சுது. −3(5 − 2)ன்னா −15 + 6ன்னு வரணும், அவ எல்லா கணக்குலயும் −15 − 6ன்னே போட்டிருந்தா. மூணு வாரம் அந்தக் குழந்தை தப்பாவே பழகியிருக்கா, நான் நல்லா புரிஞ்சுக்கறான்னு நினைச்சிட்டிருந்திருக்கேன். இன்னிக்கும் எனக்கு அது மனசு கேக்கல. அடுத்த மாசமே ரெண்டு பேட்ச்சா பிரிச்சிட்டேன்.

நீங்களும் அதையே பண்ணலாம். திங்கள் புதன் வெள்ளி ஒரு பேட்ச், செவ்வாய் வியாழன் சனி இன்னொண்ணு, 32 பேர் ஆச்சு. அதுக்கும் மேல வேணும்னா நோட்டு திருத்த ஒரு காலேஜ் பொண்ணை சம்பளத்துக்கு வச்சுக்கோங்க. பிரேக்அவுட் ரூம்ல பிரிச்சு விடலாம்னு சிலர் சொல்வாங்க, ஆனா நீங்க ஒரு நேரத்துல ஒரு ரூம்லதானே இருக்க முடியும்.

ரொம்பக் கம்மியும் வேண்டாம். நாலு பேர் பேட்ச்ல முகூர்த்த நாள்னு ஒருத்தர், மழையில நெட் போச்சுன்னு ஒருத்தர் வராம போனா கிளாஸே டல்லாயிடும். பாட்டு கிளாஸ் வேற விஷயம், சத்தம் லேட்டா போய்ச் சேர்றதால சரளி வரிசையைக் கூட சேந்து பாட முடியாது, ஒவ்வொருத்தரா பாட வைக்கணும், மூணு நாலு பேரே போதும். கோலம், சமையல் மாதிரி பாத்துக் கத்துக்கறதுக்கு 60 பேர் வந்தாலும் பரவால்ல.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற பையனை ஆன்லைன் கோடிங் கோர்ஸ்ல சேக்கணும். ஒரே கிளாஸ்ல 300 பேராம். பணம் கட்டலாமா?
- ஒரு அப்பா, பெரம்பூர்

பதில்: 300ங்கற எண்ணிக்கையை மட்டும் பாத்து பயப்படாதீங்க சார். 2011ல ஸ்டான்ஃபோர்ட்ல செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ரெண்டு பேரும் ஏஐ பாடத்தை ஆன்லைன்ல ஃப்ரீயா எடுத்தப்போ 1,60,000 பேர் சேந்தாங்க. ஆனா கடைசி வரைக்கும் முடிச்சவங்க சுமார் 23,000 பேர்தான். வீடியோ மட்டும்னா நம்ம ஐஐடிக்காரங்களோட என்பிடெல் பாடங்களே ஃப்ரீயா இருக்கு, அதுக்கு எதுக்குப் பணம்? நீங்க குடுக்கற காசு பையன் எழுதற கோடை ஒரு ஆள் உக்காந்து பாக்கறதுக்கு. அதனால டெமோ கிளாஸ் முடிஞ்சதும் பையனை ஒரு டவுட் அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு நாளுக்குள்ள அவன் எங்க தப்பு பண்ணினான்னு காட்டி பதில் வந்தா கட்டுங்க.