இரண்டு சர்வர், ஒரே டிஸ்க்

கேள்வி: மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் சர்வர் வேலை பார்க்கிறேன். ஸ்டோரேஜில் இருக்கும் ஒரே டிஸ்க்கை ஐஸ்கஸி (நெட்வொர்க்கில் டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) வழியாக இரண்டு லினக்ஸ் சர்வருக்கும் கொடுத்து, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு, இரண்டிலும் மவுண்ட் செய்திருக்கிறேன். ஒன்றில் போட்ட ஃபைல் மற்றதில் தெரிவதில்லை. ரீபூட் செய்தால் எஸ்டிபி என்று இருந்த டிஸ்க்கின் பெயர் எஸ்டிசி ஆகிவிடுகிறது. ஓடுவது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பில்லிங். எங்கே தப்பு?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் ஒரு சர்வரில் மவுண்ட்டை எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 எல்லாம் டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி எழுதுபவை. எந்த பிளாக் காலி என்பதை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் தனியாக வைத்துக்கொள்கிறது. அதனால்தான் புது ஃபைல் மற்றதில் தெரிவதில்லை, இருவரும் ஒரே பிளாக்கில் எழுதினால் டேட்டா போச்சு. இப்போதே பேக்கப் எடுத்துவிட்டு, இரண்டிலும் மவுண்ட் இல்லாத நேரத்தில் ரிப்பேர் ஓட்டிப் பாருங்கள்.

ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 மாதிரி, பல சர்வர் ஒரே டிஸ்க்கில் எழுதவென்றே செய்த கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் இருக்கிறதே என்பீர்கள். உங்களுக்கு அது வேண்டாம். ஒரே டேட்டா டைரக்டரியை இரண்டு மைஎஸ்கியூஎல் ஒரே சமயத்தில் திறக்கக் கூடாது, அடியில் எந்த ஃபைல் சிஸ்டம் இருந்தாலும். ஒன்று ஓடட்டும், அது விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளட்டும். பூட் ஆகும்போது தானாக மவுண்ட் செய்யும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கும் வரியை நீக்கிவிட்டு, எல்விஎம் (டிஸ்க்கை வால்யூம்களாக நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) வால்யூமை ஆக்டிவேட் செய்வது, மவுண்ட், ஐபி, பிறகு மைஎஸ்கியூஎல் என்ற வரிசையை, எந்த சர்வரில் எது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் மென்பொருளிடம் கொடுங்கள்.

எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் கர்னல் கண்டுபிடித்த வரிசையில் வைக்கும் பெயர், அதை நம்பி எதையும் எழுதாதீர்கள். டிஸ்க்கின் நிலையான ஐடியையே பயன்படுத்துங்கள். ஸ்டோரேஜுக்கு இரண்டு வழி இருந்தால் ஒரே டிஸ்க் இரண்டாகத் தெரியும், இரண்டையும் ஒன்றாகக் காட்ட மல்டிபாத் போட வேண்டும்.

இனி எல்லாரும் சோம்பல்படுகிற ஃபென்சிங், அதாவது பதில் சொல்லாத சர்வரை டிஸ்க்கைத் தொட விடாமல் வெட்டிவிடுவது. சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, நெட்வொர்க் மட்டும் அறுந்து அது இன்னும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அதனால் அதை வெட்டிவிட்டது உறுதியான பிறகுதான் மற்றது டிஸ்க்கைத் தொடும். பலர் இதற்கு ஐபிஎம்ஐ (சர்வருக்குள்ளேயே இருந்து, தூரத்திலிருந்தே அதை அணைக்க உதவும் வசதி) போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சர்வருக்கு மின்சாரமே போனால் ஐபிஎம்ஐயும் கூடவே போய்விடும், 'அணைத்துவிட்டேன்' என்று சொல்ல ஆளில்லாமல் நல்ல சர்வர் சும்மா காத்துக்கொண்டிருக்கும். 2011-இல் தானே புயலைப் பார்த்த ஊருக்கு மின்சாரம் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா! உங்கள் ஸ்டோரேஜ் ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனை (ஒவ்வொரு சர்வரும் ஒரு சாவியைப் பதிந்து வைத்தால்தான் எழுத விடும் முறை) ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரித்தால் வெட்டுவது ஸ்டோரேஜிலேயே நடக்கும்: விழுந்த சர்வரின் சாவி நீக்கப்படும், அதற்கப்புறம் அது எழுத முடியாது, அதற்கு மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

எல்லாம் முடிந்ததும் பில்லிங் இல்லாத நேரம் பார்த்து, முதலில் நெட்வொர்க் கேபிளையும் இன்னொரு நாள் பவர் கேபிளையும் பிடுங்கிச் சோதியுங்கள். இரண்டும் வேறு வேறு சோதனை.