ஐரோப்பாவின் படைபலம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக 2025 ஹேக் மாநாட்டில் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் ஒப்புக்கொண்டன. இவ்வளவு பணம் இருந்தும் அமெரிக்கா இல்லாமல் நிற்க ஐரோப்பா ஏன் தயங்குகிறது?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அதில் நேரடியாகப் படைக்குப் போவது 3.5 சதவீதம்தான். ஆனால் தொகையைவிட முக்கியம், அதில் எதை வாங்குகிறார்கள் என்பது.

2011 லிபியப் போரைப் பாருங்கள். முன்னின்றவை பிரான்சும் பிரிட்டனும். போர் விமானங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களில் பெரும்பகுதியை அமெரிக்காதான் அனுப்பியது. உளவுத் தகவலுக்கும் அதையே நம்பியிருந்தார்கள். பதினோரு வாரத்தில் பல நாடுகளிடம் குண்டுகள் தீரத் தொடங்கியதை அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். மத்தியதரைக் கடலுக்கு அக்கரையில் நடந்த சிறு போருக்கே இந்த நிலை.

எரிபொருள் விமானங்களைத் தனியாக வாங்கிப் பராமரிக்கச் சிறிய நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நெதர்லாந்தின் ஐந்தோவன் தளத்தில் சில நாடுகள் ஏர்பஸ் ஏ330 வகை விமானங்களைப் பொதுவில் வைத்திருக்கின்றன; பறக்கும் மணிநேரத்துக்கேற்பச் செலவைப் பகிர்கின்றன. உளவுச் செயற்கைக்கோள்களுக்கும் இந்த முறையே பொருந்தும் என்பது என் எண்ணம்.

குண்டுகளின் சிக்கல் வேறு. உக்ரைனுக்குப் பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் உறுதி தந்தது. கெடுவுக்குள் கொடுக்க முடிந்தது ஏறக்குறைய பாதி. ஆலைகள் அமைதிக்கால அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன, குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளும் உந்துமருந்துக்கும் தட்டுப்பாடு. பல ஆண்டு ஒப்பந்தம் கையில் இல்லாமல் எந்த ஆலையும் புதிய இயந்திரம் போடாது. முதல் பணம் இங்கேதான் போகவேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் பலவும் வாங்கும் அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35ஐ அமெரிக்கா தொலைவிலிருந்தே முடக்கிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. முடக்கத் தேவையும் இல்லை. உதிரிபாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் நின்றால் நாளடைவில் அது தரையில்தான் நிற்கும். 2025 மார்ச்சில் உக்ரைனுக்கான உளவுத் தகவலை அமெரிக்கா சில நாள் நிறுத்திவைத்தபோது இந்த அச்சம் கற்பனை அல்ல என்று தெரிந்தது.

அதற்காகக் கூட்டணியை விட்டு வெளியேறுவது ஆபத்து. மாற்று ஏற்பாடு வரும் முன்பே பாதுகாப்பு போய்விடும். பிரான்ஸ் 1966இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்து விலகியது, கூட்டணியிலிருந்து அல்ல. 2009இல் திரும்பி வந்தபோதும் தன் அணு ஆயுதத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பிரிட்டனின் அணுகுண்டு அதன் சொந்தத் தயாரிப்பு, ஆனால் அதைச் சுமக்கும் டிரைடன்ட் ஏவுகணை அமெரிக்காவுடையது. மற்ற நாடுகளுக்கு அணுக்குடை, அதாவது அமெரிக்க அணு ஆயுதம் தரும் பாதுகாப்பு, கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம். குண்டும் உதிரிபாகமும் இன்றே தொடங்கக்கூடியவை.